பைத்தானா, பெங்களூருவா

மற்றவர்கள் செய்ததைக் குறை சொல்வதுதான் என் உத்தியோகம். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். பொத்தானை அமுக்கினால் வரவேண்டியது வருகிறதா என்று பார்ப்பது, வராவிட்டால் எழுதிப் போடுவது, சரியாகிவிட்டது என்று சொன்னால் நம்பாமல் மறுபடி அமுக்குவது. இதையே வருஷக்கணக்காகச் செய்தால் புத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஹோட்டலுக்குப் போனால் மெனுவில் எழுத்துப்பிழை தேடுவேன். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணின் நகையைப் பார்க்கும்போது, இந்தப் பந்தலில் எந்தக் கால் முதலில் ஆடும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் காலையில், உங்கள் டீம் செய்துவந்த வேலை முடியப்போகிறது என்று சொன்னார்கள். பெங்களூரு ஆபீஸில் எல்லோருக்கும் இடம் உண்டாம். இங்கே இல்லையாம்.

என் கணவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன்களின் மின்சாரப் பராமரிப்பில் இருக்கிறார். கிரேனைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வர முடியாது. நான் போவதென்றால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு போகவேண்டும். அவருடைய வேலை நேரம் அப்படி, ராத்திரி ஷிப்டில் பிள்ளையைத் தனியே விட முடியாது. வீடு இரண்டாகும். மகள் பிறந்ததிலிருந்து கரமனையிலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் இங்கே, தோழிகள் இங்கே, அவள் ஆடும் பந்து டீம் இங்கே. விஷயத்தைச் சொன்னபோது "ம்" என்றாள், பிறகு கணக்கு நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தேன். இந்தப் பிள்ளையைப் பிடுங்கி வேறு எங்கேயும் நடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஒரு வழி இருந்தது. எங்கள் கட்டிடத்திலேயே மேல் மாடியில் செக்யூரிட்டி டெஸ்டிங் டீம் இருக்கிறது. கள்ளன் வருவதற்கு முன்னால் கள்ளனைப்போல யோசித்து, ஒரு மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த டீமின் தலைவி என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், ஆற்றிங்கல் பக்கத்துப் பெண். அவளிடம் போய்க் கேட்டேன். ஓட்டை தேடும் ஒரு சின்னக் கருவியைச் சொந்தமாக நிரல் எழுதிக் கொண்டுவரவேண்டும், ஓணத்துக்கு முன்னால் நேர்முகம் என்றாள்.

"லாங்க்வேஜ் ஏதாயாலும் குழப்பமில்ல சேச்சி. பக்ஷே ஓரோ வரியும் எந்தினாணென்னு பறயணும்."

எந்த மொழியானாலும் சரி, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்லத் தெரியவேண்டும், அவ்வளவுதான் என்றாள். 'எந்த மொழியானாலும் சரி' என்பதைப்போல என்னைக் கெடுக்கும் வாக்கியம் உலகத்தில் இல்லை. ஒரே ஒரு சேலை இருக்கிற கடையில் நான் உடனே வாங்கிவிடுவேன். எல்லாமே நன்றாக இருக்கும் கடையில் என்னைக் கொண்டுபோய் விட்டால் கடையை அடைக்கும்வரை வெளியே வரமாட்டேன்.

விசாரிக்க ஆரம்பித்தேன். பைத்தான் என்றார்கள் பாதிப் பேர். எளிது, எல்லாக் கருவிகளும் அதில்தான் இருக்கின்றன. கோ என்றான் கேன்டீனில் எதிரே உட்காருகிறவன்; அதில் எழுதினால் ஒரே கோப்பாக எங்கே வேண்டுமானாலும் ஓடும். ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் இணையதளத்தை எப்படி உடைப்பாய் என்றாள் ஒருத்தி. சி தெரியாதவர்கள் இந்தப் பக்கம் வரவே கூடாது என்று ஒருவர் சொன்னார். அவருக்கே சி தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் என்ன செய்தேன் என்றால், மொழிகளுக்கு டெஸ்ட் பிளான் போட்டேன். கற்க எவ்வளவு காலம், கருவிகள் எத்தனை, வேகம் எப்படி, வேலை விளம்பரங்களில் எது அதிகம் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். மதிப்பெண் பிடிக்காவிட்டால் அளவுகோலை மாற்றினேன். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் வாரங்கள் போயின. எனக்கு அதில் ஆனந்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஒவ்வொரு மொழியையும் யார் எதற்காக உண்டாக்கினார்கள், எந்தக் கோபத்தில் உண்டாக்கினார்கள் என்று படிக்கப் படிக்க நேரம் போனதே தெரியவில்லை.

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, உன்னப் பொண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மகூட இம்புட்டு யோசிக்கல கேட்டியா."

"அதான் இப்போ அனுபவிக்கியோ" என்றேன். ஆனாலும் அன்று சாயங்காலமே கட்டங்களை மூடிவைத்தேன். ஒரே கருவியை இரண்டு மொழிகளில் எழுதுவது, எது கைக்கு ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். முதலில் பைத்தான், பிறகு கோ.

கருவி என்றால் எதன்மேலாவது வைத்துப் பார்க்கவேண்டுமே. கற்பதற்கென்றே ஓட்டைகளோடு செய்துவைத்த பயிற்சித் தளங்கள் உண்டு. அவற்றில் ஓட்டை இருக்கிறது என்பது முன்னாலேயே தெரியும். எனக்கு அதில் ருசி இல்லை. உண்மையான ஒன்று வேண்டும். கணவரின் அண்ணன், எனக்கு அத்தான், தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பரீட்சை எழுத வருகிறவர்கள், ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் தங்குகிற இடம். சமீபத்தில் ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்து, இணையத்தில் அறை பதிவுசெய்யத் தளம் ஒன்று செய்திருந்தார். பதிவுசெய்கிறவர்கள் அடையாள அட்டையைப் படமெடுத்து அதில் ஏற்றவேண்டும். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அவரிடம் போய், உங்கள் தளத்தைச் சோதிக்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகப் பார் என்றார். எழுத்தில் அனுமதி வேண்டும் என்றேன். அங்கேதான் வந்தது வினை.

"எழுத்தா? எனக்க லாட்ஜுக்குள்ள வாறதுக்கு உனக்கு எழுத்து வேணுமா? நீ என்ன வேத்தாளா?"

"எங்க வேலையில அதொரு முறை அத்தான். எழுத்து இல்லாம கைய வச்சா நான் கள்ளி. இருந்தா டெஸ்டர்."

"நான் உன்ன என்னைக்காவது சந்தேகப்பட்டிருக்கனா? சொல்லு பாப்போம்."

சொந்தக்காரர்களுக்குள் காகிதம் வந்தால் உறவு கோர்ட்டுக்குப் போகிறது என்று நினைக்கிற குடும்பம் அது. நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து வியாபாரம் பிடித்தவர்கள். அண்ணன் தம்பிக்குள் எல்லாமே வாய்ச்சொல்தான். அன்று மதியத்துக்குள் குடும்பத்தில் எல்லோருக்கும் போன் போய்விட்டது. இளையவன் பெண்டாட்டி அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டாளாம். மாமியார் என்னிடம் பேசும்போது குரலில் ஒரு சுணக்கம் தெரிந்தது. என் கணவர்தான் போய் அண்ணனிடம் விளக்கினார்: கிரேனில் ஏறுவதற்கு எனக்கும் தினமும் எழுத்தில் அனுமதி வேண்டும், அதற்காகத் துறைமுகத்துக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்றா அர்த்தம் என்று. அத்தான் லாட்ஜின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, மேஜையில் என் பக்கம் தள்ளினார். மற்ற விருந்தாளிகளின் விவரத்தைத் தொடமாட்டேன் என்று நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். அன்று அவர் எனக்குச் சாயா வாங்கித் தரவில்லை.

அந்த நிபந்தனைப்படி என் பெயரில் ஓர் அறையும் கணவர் பெயரில் ஓர் அறையும் பதிவுசெய்தேன். சொந்தத் தம்பி, அண்ணன் லாட்ஜில் விருந்தாளி. கேள்வி இதுதான்: என் பெயரில் உள்ளே நுழைந்து, பதிவு எண்ணை மட்டும் மாற்றி, கணவருடைய பதிவைக் கேட்டால் தளம் காட்டுமா? கையால் செய்து பார்த்தேன். 'இந்தப் பதிவு உங்களுடையதல்ல' என்று திரையில் வந்தது. பிறகு அதையே செய்யும் நிரலைப் பைத்தானில் எழுதினேன். ஒரு சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. வந்த பதிலில் அந்த வாக்கியம் இருக்கிறதா என்று தேடச்சொன்னேன். இருக்கிறது என்றது. பாதுகாப்பானது என்று பச்சை நிறத்தில் எழுதிக்காட்டியது.

அத்தானுக்குப் போன் செய்து, தளம் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவருடைய மனத்தாங்கல் அந்த நிமிஷமே கரைந்துவிட்டது. மறுநாள் காலை அந்தத் தெருவில் இருக்கிற மற்ற லாட்ஜ்காரர்களிடமெல்லாம், என் தம்பி பெண்டாட்டி கம்பியூட்டரில் சோதித்து, குறையொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள் என்று பெருமையடித்திருக்கிறார்.

பிறகு கோ மொழியில் எழுத உட்கார்ந்தேன். பைத்தானில் என் கை தானாகப் போயிற்று. இதில் ஒவ்வொரு அடிக்கும் முட்டியது. ஒரு பொருளைச் சும்மா எடுத்துவைத்துப் பயன்படுத்தாமல் விட்டால்கூட, எதற்கு எடுத்தாய் என்று சண்டைக்கு வந்தது. எதைச் செய்தாலும், பிழை வந்தால் என்ன செய்வாய் என்று எழுதச் சொன்னது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்த பதிலுக்குள் வாக்கியத்தைத் தேடும் இடம்வரை போவதற்கே பொறுமை இல்லை. முதலில் பதில் என்று ஏதாவது வருகிறதா என்று பார்ப்போம் என்று, வந்ததையெல்லாம் அப்படியே திரையில் கொட்டச் சொன்னேன்.

கொட்டியது. 'உங்களுடையதல்ல' என்ற வாக்கியம் இருந்தது. அதற்குக் கீழே என் கணவரின் பெயர் இருந்தது. போன் நம்பர் இருந்தது. அடையாள அட்டைப் படத்தின் இணைய முகவரியும் இருந்தது. அதை எடுத்துத் திறந்தேன். கணவர், தாடி மழிக்காமல், போலீஸ் பிடித்ததுபோன்ற முகத்தோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்ட்டை உட்கார்ந்து வாசித்தேன். லாட்ஜின் தளம் யார் எதைக் கேட்டாலும் முழுவதையும் அனுப்பிவிடுகிறது. அனுப்பிய பிறகு, கேட்டவர் வேறு ஆள் என்றால் அதை மறைத்து, அந்த வாக்கியத்தை மட்டும் காட்டு என்று பக்கத்திடம் சொல்லியிருந்தார்கள். விருந்தாளியின் அட்டையை அந்நியன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள் என்று சொல்வதுபோல. இத்தனை வருஷமாகத் திரையில் வரவேண்டியது வருகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகியவள் நான். வரவேண்டிய வாக்கியம் வந்துவிட்டது, ஆகவே சரி என்று விட்டுவிட்டேன். பயிற்சியில்லாத ஒரு கல்லூரிப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இதைச் செய்வதற்கு நல்ல அனுபவம் வேண்டும்.

மறுநாள் தம்பானூருக்குப் போய் அத்தானிடம் சொன்னேன்.

"அன்னைக்குச் சரியின்னு சொன்ன. இன்னைக்குத் தப்புன்னு சொல்லுத. நான் தெருவுல எல்லாருட்டயும் என்னத்தச் சொல்லுவேன்?"

"எனக்க தப்பு அத்தான். நான் முழுசாப் பாக்கல. எவனாவது கண்டுபிடிக்கதுக்கு முன்ன தளத்த நிறுத்துங்க."

கோபித்தார், என் முன்னாலேயே கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார், ஆனால் தளத்தை அன்றே நிறுத்திவிட்டார். கேட்டவருக்கு உரிமை இல்லையென்றால் எதையுமே அனுப்பாதபடி சரிசெய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகு, கோ மொழியில் எழுதியதை மறுபடி ஓட்டி, கொட்டியதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். இந்தத் தடவை வாக்கியத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

நேர்முகத்துக்கு எதைக் கொண்டுபோவது? பைத்தான் என்றார் என் கணவர். தெரிந்ததை வைத்து ஆடு, பெங்களூரு வாசலில் நிற்கிறது, இப்போது விஷப்பரீட்சை வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பைத்தானிலும் ஒரே வரியில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். குற்றம் அந்த மொழியினுடையது அல்ல. ஆனால் பழகிய மொழியில் நான் வேகமாகப் போகிறேன், வேகமாகப் போகும்போது எனக்குக் கண் தெரிவதில்லை. முட்டி மோதிப் போன இடத்தில்தான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அந்த முட்டல் பிடித்துப்போயிற்று. கட்டம் போட்டபோது இப்படியொரு அளவுகோல் எனக்குத் தோன்றவே இல்லை. கோ மொழியில் எழுதியதையே எடுத்துக்கொண்டு போனேன்.

நேர்முகத்தில் அந்தப் பெண்ணும் ஒரு மேனேஜரும் இருந்தார்கள். வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். வந்த பதிலை வாசித்து முடித்ததும் மூடிவிடு என்று சொல்லும் வரி.

"இது இல்லெங்கில் எந்து பற்றும் சேச்சி?"

இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்த வரியை எல்லோரும் எழுதுகிறார்கள் என்று நானும் எழுதியிருந்தேன். சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பெங்களூரு கண்முன்னே வந்து நின்றது, மகளின் குனிந்த தலையும் வந்தது. "தெரியாது" என்றேன். "பாத்துச் சொல்லட்டா?"

பார் என்று கையைக் காட்டினாள். என் லேப்டாப்புக்குள்ளேயே பதில் சொல்ல ஒரு சின்னத் தளத்தை ஓடவிட்டு, அந்த வரியை அழித்துவிட்டு, கேள்விகளை அனுப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அனுப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? பதிலை முழுக்க வாசித்துவிடுவதாலா? வாசிக்காமலே விட்டு, நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி மாற்றினேன். திறந்த இணைப்புகள் மூடப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வது தெரிந்தது. எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், இனிமேல் திறக்க இடமில்லை என்று நிரல் படுத்துவிட்டது. "செத்துது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரியைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினேன். படுக்கவில்லை. அப்படியானால் பதிலைப் பாதி வாசித்துவிட்டு மூடினால் என்ன ஆகும் என்று அடுத்ததைத் தொடங்கியபோது, "சேச்சி, மதி" என்று குரல் கேட்டது. போதும் என்கிறாள். அறையில் மேனேஜர் இல்லை. எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாகிவிட்டது. திங்கட்கிழமை மேல் மாடிக்கு வந்துவிடுங்கள் என்று அவள் சிரித்தாள்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கணவர் முன்னாலேயே வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் மகளிடம் சொன்னேன்: "மக்களே, அம்மைக்கு இங்கயே வேல கெடச்சாச்சு. பெங்களூரு போகாண்டாம்."

"ம்" என்றாள். பருப்பைப் பிசைந்தாள். சந்தோஷத்தில் துள்ளுவாள் என்று காத்திருந்தேன்.

"என்ன, ஒண்ணும் சொல்லல?"

"நல்லதும்மா. நான் அங்க ஒரு ஸ்கூல் நோக்கி வச்சிருந்தேன். அது இனி வேண்டல்லோ."

"ஸ்கூலா? என்ன ஸ்கூல்?"

"கேர்ள்ஸுக்கு ஃபுட்பால் கோச்சிங் உள்ள ஸ்கூல். இங்க எங்களுக்குக் கோச் இல்லல்லோ. சாரே மாறிப் போயாச்சு."

அவர்களுடைய பந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மாற்றலாகிப் போனதே எனக்குத் தெரியாது. எத்தனை நாளாக அவள் மைதானத்துக்குப் போவதில்லை என்பதும் தெரியாது. கணவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

"உனக்குப் போணும்னு இருந்திச்சா? பின்ன நீ ஏன் சொல்லல?"

"அம்மா சோதிச்சில்லல்லோ" என்றாள். நீ கேட்கவே இல்லையே என்கிறாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். "சாரமில்லம்மா."

பரவாயில்லை என்று அவள் சொன்னதும் எனக்கு மூச்சு லேசாக வந்தது. சோற்றை அள்ளினேன். அள்ளிய கை வாய்க்குப் போகவில்லை.

"சாரமில்லன்னா?" என்றேன். "என்னன்னு சொல்லு. எனக்குத் தெரியணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள்.